கொட்டுண்ட மருந்து

பெப்ரவரி மாதத்து மழை மூன்று நாளாக லண்டன் மோர்டனை விட்டுப் போகவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற மழையில்லை அது. காற்றோடு சாய்ந்து சாய்ந்து வந்து யன்னல் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மூன்று பேருடைய தோய்த்த ஈர உடுப்பும் கூடையில் குவிந்து கிடந்தது. முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்கிற சுலோச்சனாவுக்கு ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமைதான் லீவு. அந்த ஒரு நாளுக்குள் உடுப்புக் காயப்போட வேண்டும், டூட்டிங் சந்தைக்குப் போய் மீன் வாங்க வேண்டும், மாவறுக்க வேண்டும். பத்து மணிக்கே அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"வெளியிலை ஒரு துண்டும் காயாது மச்சாள்," என்றாள் வத்சலா. "பின்பத்தியிலை கயிறு கட்டி விரிச்சுவிடட்டே?"

வத்சலா, சுலோச்சனாவின் புருஷன் யோகராஜாவுடைய தங்கை. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம். அவளுடைய அகதி விண்ணப்பம் ஹோம் ஆபீஸில் கிடந்தது. அவளுடைய புருஷன் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தான். வேலைக்குப் போக அனுமதியில்லை என்பதால் வீட்டு வேலை முழுவதையும் யாரும் சொல்லாமலே இழுத்துப் போட்டுச் செய்தாள்.

பத்தி என்பது குசினிக்குப் பின்னால் பிளாஸ்டிக் தகடு போட்டு இறக்கிய ஒடுங்கிய அறை. ஒரு பக்கம் வாஷிங் மெஷின். மறுபக்கம் யோகராஜாவின் மேசை, மேலே ஒரு பழைய படுக்கை விரிப்புப் போட்டு மூடியபடி இருக்கும்.

சுலோச்சனா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள்.

"கட்டும். ஆனா அந்த மேசையிலை முட்டாமக் கட்டும். உம்மடை அண்ணையின்ரை தச்சுச் சாமான் கிடக்கு."

அது மூன்று மாதப் பொய். மேசையில் இருந்தது தச்சுச் சாமான் இல்லை.

யோகராஜா பள்ளிக்கூடத்தில் கடேற் படையில் இருந்தவர். குறி பார்த்துச் சுடுவதில் மாகாணத்தில் முதலாவதாக வந்தவர். லண்டனுக்கு வந்து பஸ் கண்டக்டரானார். ரெஜ் என்கிற வெள்ளைக்காரச் சாரதி ஒருநாள் பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டுத் தன்னுடைய ரைபிள் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். அது எண்பத்து நாலில். பொலிஸ் விசாரித்து அனுமதிப் பத்திரம் கொடுத்தது. மாடியறைச் சுவரில் இரும்புப் பெட்டி பூட்டி, அதற்குள் ஒரு துவக்கு வந்தது. சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி வந்து, பழைய கேப்பைத் தட்டியெடுத்து, புதிய கேப்பைப் பதித்து, தராசில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அமுக்கி, திரும்பவும் தோட்டாவாக்கும் வேலையைப் பத்தியில் வைத்துச் செய்யத் தொடங்கினார். சட்டப்படி எல்லாம் சரி. சுலோச்சனாவுக்குத்தான் ஒன்றும் சரியில்லை.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். நீங்கள் இஞ்சை வந்து துவக்கு வாங்கி வைச்சிருக்கிறியள்," என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது கடுதாசிக்குச் சுடுற துவக்கு, சுலோ."

"துவக்குக்கு அது தெரியுமோ?"

வத்சலாவிடம் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. ஊரில் தேடுதலுக்கு வந்தவர்கள் அவளுடைய வீட்டு யன்னல் கட்டில் ஒரு வெற்றுக் கோதைக் கண்டெடுத்தார்கள். அயல் பிள்ளைகள் பொறுக்கி வந்து விளையாடிவிட்டு வைத்தது. அந்த ஒரு கோதுக்காக அவளுடைய புருஷனைக் கொண்டுபோய் நாலு மாதம் வைத்திருந்து, வலது கை மூன்று விரல்கள் மடங்காதபடி அனுப்பினார்கள். அப்படியொருத்தி வருகிற வீட்டில் இதையெல்லாம் வைத்திருக்கலாமா என்று சுலோச்சனா சண்டை பிடித்தாள். "அவளுக்குச் சொல்லாம விட்டால் சரிதானே," என்று யோகராஜா முடித்துவிட்டார்.

சுலோச்சனா மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொளுத்தி, சூடு பத்திக்குப் போகட்டும் என்று குசினி வாசலில் வைத்துவிட்டு மா வறுக்கத் தொடங்கினாள். அரை மணித்தியாலம் போயிருக்கும். பத்தியில் ஏதோ சரிந்து விழுகிற சத்தம்.

"ஐயோ மச்சாள், கயிறு அறுந்து போச்சு. தேயிலையும் கொட்டுண்டு போச்சு."

"பத்தியிலை என்ன தேயிலை?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஈரப் போர்வையின் பாரத்தில் கயிறு அறுந்து, மேசை விரிப்பையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. மேசையில் மூடி திறந்தபடி இருந்த டின் கவிழ்ந்து, கறுப்புக் குறுணி மேசையிலும் தரைவிரிப்பிலும் ஈர உடுப்பின் மேலும் பரவிக் கிடந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் தேயிலைத் தூள்தான். கிட்டப் போனால் நகப்பூச்சு மணம் போல ஒன்று மூக்கில் ஏறியது. கேப் வைத்திருந்த சின்னத் தட்டும் கீழே கிடந்தது.

சுலோச்சனாவுக்கு அது என்னவென்று தெரியும். வத்சலாவுக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்ளாமல், "பரவாயில்லை, நீர் உதுக்குள்ளை நிக்காதேயும், வாரும்," என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பிறகு பஸ் கராஜுக்கு டெலிபோன் எடுத்தாள். யோகராஜா பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தார். பஸ் கடைசித் தரிப்பில் நின்றதும் சொல்கிறோம் என்றார்கள். அவசரமா என்று கேட்டார்கள். வெடிமருந்து கொட்டிவிட்டது என்று பஸ் கராஜ்காரனிடம் எப்படிச் சொல்வது? "ஓம், வீட்டிலே அவசரம்," என்று மட்டும் சொன்னாள்.

இருபது நிமிஷம் கழித்து மணி அடித்தது. தெருப் பூத்திலிருந்து எடுத்தார். பஸ் இரைச்சல், காற்று இரைச்சல்.

"என்னப்பா, ஆருக்கு என்ன?"

"உங்கடை சாமான் முழுக்கக் கொட்டுண்டு கிடக்கு. மூடியை ஆர் திறந்து வைச்சது?"

"எது, மருந்தோ? எவ்வளவு?"

"டின் முழுக்க. இப்ப நான் என்ன செய்ய? ஹூவரைப் போட்டு இழுக்கட்டே?"

"ஹூவர் போட..." என்றார். பீப் பீப் என்று அடித்து லைன் அறுந்தது.

"ஒரு சொல்லை முழுசாச் சொல்லி முடிக்கக் காசு போடமாட்டார் இந்த மனிசன்," என்று ரிசீவரை வைத்தாள். போடச் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்? மாடிப்படிக்குக் கீழேயிருந்து தூசி உறிஞ்சுகிற ஹூவரை இழுத்து வந்து, குசினிச் சுவரில் பிளக்கைக் குத்தி, குழாயைப் பத்திப் பக்கம் நீட்டினாள். மணி திரும்பவும் அடித்தது.

"அடிக்கட்டும். பொல்லாத மனிசன். இதை முடிச்சிட்டு எடுக்கிறன்."

வத்சலாவுக்கு டெலிபோன் என்றால் பயம். வந்த நாளிலிருந்து ஒருநாளும் தானாக எடுத்ததில்லை. மணி விடாமல் அடித்ததில் அன்றைக்கு எடுத்துவிட்டாள். எடுத்தவள் ரிசீவரை நீட்டிப் பிடித்தபடி கத்தினாள்.

"மச்சாள்! போடவேண்டாமாம். அண்ணை கத்துறார். ஹூவரைத் தொடவேண்டாமாம். அதுக்குள்ளை நெருப்புப் பொறி பறக்குமாம். கொட்டுண்டது வெடிமருந்தாம்."

சுலோச்சனா குழாயைக் கீழே வைத்துவிட்டு வந்து ரிசீவரைப் பறித்தாள்.

"சுலோ, ஹீட்டர் எரியுதோ?"

"எரியுது."

"எங்கை இருக்கு?"

"குசினி வாசல்லை. மருந்திலை இருந்து ஒரு ஆள் நீட்டுத் தூரம் இருக்கும்."

"அதைச் சுத்தி ஒரு குறுணியும் இல்லையெண்டு நல்லாப் பாரும். ஒண்டும் இல்லையெண்டால் திரியை இறக்கி அணையும். ஊதாதேயும். தூக்கிக்கொண்டு போகாதேயும். கிட்டக் கிடந்தால் ஒண்டையும் தொடாம ரெண்டு பேரும் வெளியிலை ஓடுங்கோ. அணைச்சாலும் கதவைச் சாத்திப்போட்டு வெளியிலைதான் நிக்கவேணும். நான் ஷிப்ட்டை விட்டிட்டு வாறன்."

ஹீட்டரைச் சுற்றிக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரியை இறக்கினாள். நீலச் சுவாலை உடனே சாகவில்லை. சுருங்கி, மஞ்சளாகி, ஒரு பக்கம் துடித்து, மெல்ல மெல்லப் போனது. அதற்குள் அவளுக்கு ஆறு வருஷமும் நினைவுக்கு வந்துவிட்டது.

யோகராஜா மழையில் நனைந்த யூனிபோமோடு வந்தபோது இரண்டு பெண்களும் ஒரு குடைக்குக் கீழே தெருவாசல் படலையடியில் நின்றார்கள். வத்சலா செருப்புக்கூடப் போடவில்லை. முன்வீட்டுக் கிழவி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, உண்மையோ?" என்று வத்சலா கேட்டாள்.

"பயப்பிட ஒண்டுமில்லை பிள்ளை. உள்ளுக்குள்ளை எல்லாம் ஒழுங்காத்தான் வைச்சிருக்கிறன்."

"ஒழுங்கு!" என்றாள் சுலோச்சனா. "இந்த மழைக்குள்ளை நிக்கிறம் பாருங்கோ, இதுதான் அந்த ஒழுங்கு."

அவர் முதலில் வெந்நீர்ப் பொய்லரில் எப்போதும் எரிகிற சின்னச் சுவாலையை அணைத்தார். பத்தியின் பின்கதவைத் திறந்து காற்று விட்டார். பிறகு ஒரு புதிய பெயின்ற் தூரிகையும், கோர்ன்பிளேக்ஸ் பெட்டியில் வெட்டிய மட்டையுமாக முழங்காலில் இருந்தார்.

"குப்பை அள்ளுற தகரத்தைத் தரட்டே?" என்று சுலோச்சனா வாசலில் நின்று கேட்டாள்.

"இரும்பு வேண்டாம். உரசப்படாது."

தூரிகையால் மெல்ல மெல்லத் தள்ளி, மட்டையில் ஒரு கைப்பிடி சேர்ந்ததும் கொண்டுபோய்ப் புல்லில் ஐதாகத் தூவினார். திரும்பி வந்து அடுத்த கைப்பிடி. ஒரு குறுணியைக்கூடத் திரும்ப டின்னுக்குள் போடவில்லை. தூசியோடு கலந்ததைத் தோட்டாவுக்குள் போட்டால் துவக்கு என்ன செய்யும் என்று சொல்ல முடியாதாம். தரைவிரிப்பைச் சுருட்டித் தோட்டத்து மூலைக்குக் கொண்டுபோய் விரித்துத் தண்ணீர் அடித்தார். மருந்து பட்ட உடுப்புகளை மெஷினில் போட விடவில்லை. வெளியே பேசினில் மூன்று தண்ணீரில் அலசவைத்தார். அலசியது சுலோச்சனா. விரல்கள் விறைத்துப் போயின. தரையை ஈரத் துணியால் துடைத்தார், துணியைக் கழுவினார், திரும்பத் துடைத்தார். அந்த வேலையில் அவருடைய கை மிகவும் பொறுமையாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சுலோச்சனாவுக்கு எரிச்சல் கூடியது.

"இவ்வளவு பக்குவம் தெரிஞ்ச மனிசன் மூடியை ஏன் திறந்து வைச்சிட்டுப் போனனீங்கள்?"

"அவளை ஆர் இதுக்குள்ளை கயிறு கட்டச் சொன்னது?"

"நான் சொன்னன். அவள் உடுப்புத்தானே காயப்போட்டவள். நான் கேக்கிறது மூடி."

"விடியக் காலமை ஷிப்ட். நேரம் போச்சு."

"நேரம் போச்செண்டால்? மூடி தானாத் திறந்ததோ?"

அவர் பதில் சொல்லாமல் கேப்களைப் பொறுக்கினார். கேப் என்பது கோதின் அடியில் பதிக்கிற, பருப்பளவு பித்தளை மூடி. அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்தது. தட்டில் பத்து இருந்தது. ஒன்பது கிடைத்தது. மேசைக்குக் கீழே, மெஷினுக்குப் பின்னால், வாளிக்குள், உடுப்பு மடிப்புகளுக்குள் தேடினார்கள். மூன்று மணியாகியும் ஒருவரும் சாப்பிடவில்லை. வறுத்த மா ஆறிப்போய்க் கிடந்தது.

"ஒண்டுதானே, எங்கையும் உருண்டு போயிருக்கும்," என்று யோகராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

வத்சலா குசினிக் கதிரையில் ஒடுங்கிப்போய் இருந்தாள். திடீரென்று, "மச்சாள், காலை எடுங்கோ," என்றாள். "இல்லை, ஊண்டாதேயுங்கோ. அப்பிடியே நில்லுங்கோ."

சுலோச்சனா ஒற்றைக் காலைத் தூக்கியபடி அடுப்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இறப்பர்ச் செருப்பின் அடியில், குதிக்கால் பக்கத்து வெடிப்புக்குள், ஒரு பித்தளைப் புள்ளி மினுங்கியது. மருந்து கொட்டியதிலிருந்து அவள் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் டெலிபோனுக்கு ஓடினாள், ஹீட்டரடியில் நின்றாள், படலைக்குப் போனாள், வந்தாள்.

யோகராஜா செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து கையை இரண்டு தரம் கழுவினார். "மிதிச்சாலும் லேசிலை வெடிக்காது," என்றார். யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் வத்சலா அப்டன் பார்க்கில் இருக்கிற சின்னம்மா வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"அங்கை எட்டுப் பேர் ரெண்டு அறையிலை இருக்கினம். எங்கை படுப்பீர்?" என்றாள் சுலோச்சனா.

"நிலத்திலை படுக்கிறன். மச்சாள், நீங்களும் எனக்கு மறைச்சுப் போட்டீங்கள். ஒருத்தன் வந்து இதைக் கண்டிட்டுக் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? எங்கடை வீட்டிலை ஒரு கோது. இஞ்சை வாளி நிறையக் கோது."

"இஞ்சை அப்பிடியில்லை வத்சலா. இது லைசன்ஸோடை வைச்சிருக்கிறது," என்றார் யோகராஜா.

"எங்களிட்டையும் குடும்ப அட்டை, அடையாள அட்டை எல்லாம் இருந்ததுதானே அண்ணை."

யோகராஜா எழும்பிப் பத்திக் கதவைச் சாத்தினார். சுலோச்சனாதான், "புதன்கிழமை வரைக்கும் பொறும், ஒரு முடிவு தெரிஞ்சிடும். பிறகு நானே கொண்டுபோய் விடுறன்," என்றாள்.

புதன்கிழமை பொலிஸ் வருவதாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வழக்கமாக வருவது. செவ்வாய் இரவுச் சாப்பாட்டில் யோகராஜா சொன்னார்: "அந்தாள் இரும்புப் பெட்டியைப் பாப்பான், நம்பரைப் பாப்பான், போயிடுவான். சனிக்கிழமைக் கதையை எடுக்கவேண்டாம்."

"கேட்டால்?"

"கேக்கமாட்டான்."

"கேட்டால் எண்டு கேக்கிறன்."

"சுலோ, பஸ்ஸிலை என்னை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. டிங் டிங் எண்டு நான் அடிக்கிற மணிதான் நான். கிளப்பிலை மாத்திரம்தான் பலகையிலை என்ரை பேரை முழுசா எழுதி வைச்சிருக்கிறாங்கள். அதையும் இல்லாமச் செய்யப் போறீரோ?"

அது உண்மையென்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஆறு வருஷமாக வாயால் மட்டும் சண்டை பிடித்தாள்.

புதன்கிழமை வந்த பொலிஸ் அதிகாரி யூனிபோம் போடவில்லை. சாம்பல் கோட்டும் தோல் பையுமாக, வாத்தியார் போல இருந்தார். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார். மாடிக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தார், பத்தியைப் பார்த்தார், மருந்து டின்களைப் பார்த்தார். முன்னறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். வத்சலா மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"போன முறை வந்ததற்குப் பிறகு ஏதாவது விபத்து, தவறு நடந்ததா?" என்று பத்திரத்தைப் புரட்டியபடி இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை சேர்," என்றார் யோகராஜா.

பத்திரத்தில் 'இல்லை' என்ற இடத்தில் கோடு போடப் பேனா போனது.

"நடந்தது," என்றாள் சுலோச்சனா. வாசலில் பிஸ்கற் தட்டோடு நின்றாள். "சனிக்கிழமை. டின் கவிழ்ந்தது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. நான் ஹூவர் போடப் பார்த்தேன். ஒரு கேப் என் செருப்பில் இருந்தது." இருந்த இங்கிலீஷ் முழுவதும் அதோடு முடிந்தது.

அதிகாரி பேனாவைப் பத்திரத்திலிருந்து தூக்கினார். யோகராஜா நிலத்தைப் பார்த்தார். எப்படி விழுந்தது, அப்போது அறையில் யார் இருந்தார்கள் என்று அதிகாரி கேட்டார். சுலோச்சனா சொல்லத் தெரியாமல் நின்றாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வத்சலா இறங்கி வந்தாள். சுவரைப் பிடித்தபடிதான் வந்தாள்.

"நான்தான் உள்ளுக்குள்ளை நிண்டனான். மச்சாள், நான் சொல்லுறதை அவருக்கு இங்கிலீசிலை சொல்லச் சொல்லுங்கோ அண்ணையை."

அவள் சொன்னாள்: கயிறு கட்டியது, போர்வையின் பாரம், விரிப்பு இழுபட்டது, தேயிலை என்று நினைத்தது. யோகராஜா ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தார். மூடி திறந்திருந்தது என்ற வசனம் வந்தபோது ஒரு கணம் நின்றார். பிறகு அதையும் சொன்னார். அதிகாரி ஒரு பக்கம் எழுதினார். எழுதி முடித்து, எழுதியதை அவளைப் பார்த்து மெதுவாக வாசித்தார். யோகராஜா அதைத் தமிழில் சொன்னதும், சரியா என்று கேட்டார். அவள் தலையாட்டியதும் நன்றி சொன்னார்.

துவக்கை வைத்திருப்பதற்குத் தடை சொல்லமாட்டேன், ஆனால் ஆட்கள் உடுப்புத் தோய்க்கிற அறையில் மருந்து இருக்கக்கூடாது, இந்தக் கிழமையே கிளப்புக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் யோகராஜா திரும்பினார். "காட்டிக் குடுத்திட்டீர், என்ன?"

சுலோச்சனாவுக்கு முன்னால் வத்சலா முந்திக்கொண்டாள்.

"அண்ணை, அவர் எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டினவர். ஊரிலை என்ரை மனிசனிட்டை வெறும் கடுதாசியிலை கையெழுத்து வாங்கினவங்கள். எழுதினது பிறகு." மாடிப்படியைக் காட்டினாள். "நான் கீழை வரேக்கை கால் நடுங்கினது. அவர் ஒண்டும் செய்யேல்லை. எழுதினார், வாசிச்சார், அவ்வளவுதான்."

யோகராஜா நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஷிப்ட்டுக்குப் போனார், வந்தார், தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். வத்சலா அப்டன் பார்க் கதையைத் திரும்ப எடுக்கவில்லை. சுலோச்சனாவும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெஜ் தன் காரில் வந்தான். டின்கள், கேப், தராசு, குண்டு அமுக்குகிற பிரெஸ், வாளி நிறையக் கோது என்று எல்லாவற்றையும் இருவருமாகத் தூக்கிப் போனார்கள். பத்தியில் மேசை மட்டும் மிஞ்சியது.

பொழுதுபட அவர் திரும்பி வந்தபோது வத்சலா குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். சுலோச்சனா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"என்ன, ஏதும் விட்டிட்டு வந்திட்டியளோ?" என்றாள் சுலோச்சனா.

"இல்லை." பிறகு தங்கையைப் பார்த்தார். "வத்சலா, அண்டைக்கு மூடியைத் திறந்துவிட்டது நான். வெள்ளிக்கிழமை இரவே திறந்தது. விடிய எழும்பிப் பாக்கேல்லை. உன்ரை பிழையில்லை."

"தெரியும் அண்ணை. கையைக் கழுவிட்டு வாங்கோ, பிட்டு ஆறப்போகுது."

சுலோச்சனா அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டுத் தலையில் கையை வைத்தாள்.

"எட்டு நாள்! இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எட்டு நாள் இந்த மனிசனுக்கு!" என்றாள். கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அதை அவர்கள் காணக்கூடாது என்று அடுப்பைக் குறைக்கிறவளைப் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.